ஆப் இறங்காமல் நிற்கிறதா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

போன நவம்பரில் பெரியப்பா கூப்பிட்டார். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை இந்த முறை வங்கிக்கு அலையாமல் போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஜீவன் பிரமாண் ஆப் வேண்டும், முகத்தைச் சரிபார்க்க ஆதார் ஃபேஸ்ஆர்டி என்ற இன்னொரு ஆப்பும் வேண்டும். "ரெண்டு நாளா வட்டம் சுத்திக்கிட்டே இருக்குப்பா, இறங்கவே மாட்டேங்குது. போன் போயிடுச்சா?" என்றார்.

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டு ஆப்பும் இறங்கிவிட்டன. ஆனால் அந்த இரண்டு நாளில் அவர் போனை நாலு முறை அணைத்துப் போட்டிருக்கிறார், பேரனின் படங்கள் சிலவற்றை அழித்திருக்கிறார், கடைக்காரர் ஒருவர் "முழுசா ரீசெட் போடணும்" என்று சொன்னதையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது. எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எதையும் இழக்காமல் செய்யக்கூடியவை முதலில், எதையாவது அழிக்க வேண்டியவை கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது, அதனால் ப்ளே ஸ்டோரை வைத்தே சொல்கிறேன். ஐபோனுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது. சாம்சங், ரெட்மி, விவோ, ஓப்போ என்று கம்பெனிக்குக் கம்பெனி செட்டிங்ஸில் பெயர்கள் கொஞ்சம் மாறும். ஒரு பெயர் கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் தட்டிப் பாருங்கள், வந்துவிடும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

"ஸ்டக் ஆயிடுச்சு" என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு ஆப் நம் போனுக்கு வந்து சேர மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வரிசையில் காத்திருக்கும். அப்புறம் நெட் வழியாக இறங்கும். கடைசியில் பிரித்து, சோதித்து, போனில் பொருத்தப்படும். மூன்றில் எதில் நிற்கிறது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

'பெண்டிங்' என்று மட்டும் காட்டுகிறதா? அப்படியானால் டவுன்லோட் இன்னும் தொடங்கவே இல்லை. முன்னால் வேறு எதுவோ நிற்கிறது, அல்லது வைஃபை வரட்டும் என்று போன் காத்திருக்கிறது. 12 சதவீதம், 40 சதவீதம் என்று நடுவில் நின்றால் பெரும்பாலும் நெட் பிரச்சினை. 90க்கு மேல் போய், அல்லது 'இன்ஸ்டாலிங்' என்று வந்த பிறகு நின்றால் போனில் இடம் போதவில்லையா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி 'இன்ஸ்டால்' பட்டனுக்கே திரும்பி வந்தால் இடம், அல்லது ப்ளே ஸ்டோர் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகள், அல்லது கூகுள் கணக்கு, இந்த மூன்றில் ஒன்று.

இன்ஸ்டாலிங் கட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை கொடுங்கள். அப்போது கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்ட், இறங்கிய ஆப்பைச் சோதிக்கும், ஆண்ட்ராய்டு அதை அந்தப் போனின் சிப்புக்கு ஏற்றபடி தயார் செய்யும். மூன்று ஜிபி ரேம் உள்ள பழைய போனில் பெரிய ஆப் ஒன்றுக்கு இது சில நிமிஷம்கூட எடுக்கும். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வரிசையைக் கலையுங்கள்

பெரியப்பா போனில் நடந்தது இதுதான். ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் கணக்குப் படத்தைத் தொட்டு, 'மேனேஜ் ஆப்ஸ் அண்டு டிவைஸ்' என்பதற்குள் போனேன். பதினேழு ஆப்கள் அப்டேட்டுக்காக வரிசை கட்டி நின்றன. ஒரு ஷாப்பிங் ஆப், இரண்டு செய்தி ஆப், அவர் ஒரு நாளும் திறக்காத ஒரு விளையாட்டு. அவர் கேட்ட ஆப் இவற்றுக்கெல்லாம் பின்னால் கடைசியில் நின்றது.

ப்ளே ஸ்டோர் நீண்ட காலம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆப்பைத்தான் இறக்கியது. 2024இல்தான் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்து இறக்கும் வசதி வந்தது. இன்றைக்கும் வரிசை என்பது வரிசைதான். முன்னால் நிற்கும் பெரிய ஆப்கள் நகரவில்லை என்றால் பின்னால் நிற்கும் சின்ன ஆப்பும் நகராமல் நிற்கலாம். அதனால் அந்தப் பட்டியலில் போய் ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட்டுகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெருக்கல் குறி இருக்கும், சில நேரம் மொத்தமாக நிறுத்த 'கேன்சல் ஆல்' என்றும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய ஆப்பையும் நிறுத்திவிட்டு, அதை மட்டும் மறுபடி இன்ஸ்டால் கொடுங்கள். பாதி 'பெண்டிங்' புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்டேட்டுகளை நிறுத்தினால் எதுவும் அழியாது, பிறகு தானாகவே வரும்.

வரிசை காலியாக இருந்தும் பெண்டிங் என்றே காட்டினால், ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ப்ரிஃபரன்ஸஸ்' என்ற பகுதியைத் திறந்து 'ஆப் டவுன்லோட் ப்ரிஃபரன்ஸ்' என்பதைப் பாருங்கள். அங்கே 'ஓவர் வைஃபை ஒன்லி' என்று இருந்தால், மொபைல் டேட்டாவில் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் இறங்காது. வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் இதை 'ஓவர் எனி நெட்வொர்க்' என்று மாற்ற வேண்டும். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் 'ஆட்டோ அப்டேட்' என்பதை வைஃபைக்கு மட்டும் என்றே விட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு. இதையும் மாற்றிவிட்டால் அன்றாட டேட்டா முழுவதையும் அப்டேட்டுகளே தின்றுவிடும்.

குழந்தைகளின் போனில் இன்னொன்று உண்டு. ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர் கணக்கோடு இணைத்திருந்தால், பெற்றோர் அனுமதி கொடுக்கும் வரை ஆப் இறங்காது. உங்கள் போனுக்கு வந்த அறிவிப்பை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

நெட் உண்மையிலேயே இருக்கிறதா?

மேலே நாலு கோடு முழுசாக இருக்கிறது, 4ஜி என்று காட்டுகிறது, ஆனால் ஆப் மட்டும் நகரவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவது அன்றைய டேட்டா தீர்ந்துபோனதைக் கவனிக்காமல்தான். நம் ஊரில் விற்கும் தினசரி டேட்டா பேக்குகள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று கொடுத்து, அது தீர்ந்ததும் நெட்டை முழுதாக நிறுத்தாமல் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்குக் குறைத்துவிடும். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கேபி. 80 எம்பி உள்ள ஒரு ஆப் அந்த வேகத்தில் இறங்க கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் ஒரு முறைகூட அறுபடாமல் இருந்தால். வாட்ஸப்பில் எழுத்துச் செய்தி மட்டும் போய் வரும் என்பதால் நெட் நன்றாக இருப்பதாகவே தோன்றும். உங்கள் ரீசார்ஜ் கம்பெனியின் ஆப்பில் மிச்ச டேட்டாவைப் பாருங்கள். தீர்ந்திருந்தால் நள்ளிரவு தாண்டிப் புது நாள் கணக்கு தொடங்கிய பிறகு முயலுங்கள், அவசரம் என்றால் ஒரு சின்ன டேட்டா பூஸ்டர் போடுங்கள்.

டேட்டா இருக்கிறது என்றால், ஏரோபிளேன் மோடை ஒரு பத்து நொடி போட்டு எடுங்கள். போன் டவரோடு புதிதாக இணையும். பேருந்தில் போகும்போது நின்றுபோன டவுன்லோடுகள் பல இதிலேயே ஓடத் தொடங்கும்.

வைஃபையில் இருந்தால் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். ரயில் நிலையம், விடுதி, லாட்ஜ் போன்ற இடங்களில் வைஃபை இணைந்தது போலக் காட்டும், ஆனால் ஒரு பக்கத்தில் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால்தான் நெட் வரும். அந்தப் பக்கம் பிரவுசரில்தான் தெரியும், ப்ளே ஸ்டோரில் தெரியாது.

பிரச்சினை நெட்டிலா போனிலா என்று குழப்பமாக இருந்தால், வீட்டில் இன்னொருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் இணைத்துப் பாருங்கள். வேறு கம்பெனி சிம்மாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் இறங்கிவிட்டால் உங்கள் நெட்தான் காரணம், அதிலும் இறங்கவில்லை என்றால் போனுக்குள் தேட வேண்டும். ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள். ஹாட்ஸ்பாட்டும் காசு கொடுத்து வாங்கிய டேட்டாதான் என்பது ஆண்ட்ராய்டுக்குப் பல நேரம் தெரியும், அதை 'மீட்டர்டு' என்று கணக்கில் வைத்துக்கொண்டு வைஃபைக்கான டவுன்லோடுகளை நிறுத்தி வைக்கும். அப்படி நின்றால், வைஃபை பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொட்டு, மீட்டர்டு என்பதை 'அன்மீட்டர்டு' என்று மாற்றுங்கள்.

வேறு சில சின்னத் தடைகளும் உண்டு. 'டேட்டா சேவர்' போட்டிருந்தால் ப்ளே ஸ்டோர் பின்னணியில் இறக்காது, அதை அணையுங்கள். பேட்டரி சேவருக்கும் இதே கதை. விபிஎன் ஆப் ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள். விளம்பரங்களைத் தடுக்க 'ப்ரைவேட் டிஎன்எஸ்' என்பதில் ஏதாவது முகவரி எழுதி வைத்திருந்தால், கொஞ்ச நேரத்துக்கு அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிப் பாருங்கள்.

தேதியையும் நேரத்தையும் பார்க்க மறக்காதீர்கள். சர்வரின் பாதுகாப்புச் சான்று இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு கணக்கு உண்டு. போனின் தேதி தப்பாக இருந்தால், நல்ல சான்றும் காலாவதியானதாகத் தோன்றி இணைப்பே மறுக்கப்படும். பேட்டரி முழுசாக இறங்கிப் பல நாள் பெட்டியில் கிடந்த போன்களில் இதைப் பார்க்கலாம். தேதி, நேரம் இரண்டையும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள்.

இடம்: கணக்கு நாம் நினைப்பது போல இல்லை

ஆப் பக்கத்தில் 60 எம்பி என்று போட்டிருக்கிறது, போனில் 200 எம்பி மிச்சம் இருக்கிறது, அப்புறம் ஏன் இறங்கவில்லை என்று கேட்பார்கள். அங்கே போட்டிருப்பது இறங்கும் அளவு. சுருக்கிக் கட்டிய மூட்டை மாதிரி. மூட்டை வந்து சேர ஒரு இடம் வேண்டும், பிரித்து வைக்க அதைவிடப் பெரிய இடம் வேண்டும், போனுக்கு ஏற்றபடி தயார் செய்த கோப்புகளுக்கும் இடம் வேண்டும். இதோடு மிச்ச இடம் சுமார் 500 எம்பிக்குக் கீழே போனாலே ஆண்ட்ராய்டு இடம் தீர்ந்துவிட்டதாக எச்சரிக்கத் தொடங்கும். அதனால் என் கணக்கு இதுதான்: எப்போதும் 2 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். விளையாட்டுகள் இறக்குகிறவர்களுக்கு அதுவும் போதாது, ஏனென்றால் பல விளையாட்டுகள் இறங்கிய பிறகு முதல் முறை திறக்கும்போதுதான் பெரிய கோப்புகளை இழுக்கும்.

அக்காவின் போனில் 45 எம்பி என்று காட்டும் ஆப் உங்கள் போனில் 62 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். 2021 ஆகஸ்ட் முதல் ப்ளே ஸ்டோரில் சேரும் புது ஆப்கள், அந்தந்தப் போனுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பிரித்து அனுப்பும் முறையில்தான் இருக்க வேண்டும். அதனால் போனுக்குப் போன் அளவு மாறும்.

இடத்தைக் காலி செய்யும்போது குழந்தைகளின் படங்களில் கை வைக்காதீர்கள். பெரியப்பா அதைத்தான் முதலில் செய்தார், எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் போனில் அதிக இடத்தைப் பிடித்திருந்தது வாட்ஸப் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்கள். வாட்ஸப்பின் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போனால், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிக் காட்டும். பலமுறை ஃபார்வர்ட் ஆன கோப்புகளைத் தனியாகவும் காட்டும். நாலு குழுக்களைச் சுத்தம் செய்தால் போதும், சாதாரணமாக இரண்டு மூன்று ஜிபி கிடைத்துவிடும். டெலிகிராமில் படம் பார்க்கிறவர்கள் அதன் 'ஸ்டோரேஜ் யூஸேஜ்' பகுதியில் கேஷை, அதாவது தற்காலிகக் கோப்புகளை, அழிக்கலாம், செய்திகள் போகாது. யூடியூபில் ஆஃப்லைனுக்கு இறக்கி வைத்து மறந்துபோன வீடியோக்களையும் பாருங்கள்.

அழித்த பிறகும் இடம் கூடவில்லையா? குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் அழிக்கும் படம் உடனே போகாது. பேக்கப் ஆன படம் 60 நாள் வரைக்கும், ஆகாதது 30 நாள் வரைக்கும் 'ட்ராஷ்' பகுதியில் இருக்கும். போனோடு வரும் கேலரி ஆப்பிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. அதைக் காலி செய்தால்தான் இடம் உண்மையில் திரும்பக் கிடைக்கும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பெரியப்பா அழித்த பேரன் படங்களை அந்தத் தொட்டியிலிருந்துதான் மீட்டுக் கொடுத்தேன். எனவே காலி செய்வதற்கு முன் ஒரு முறை உள்ளே பார்த்துவிடுங்கள்.

மெமரி கார்டு போட்டு அதில் ஆப்களை நகர்த்தியிருந்தால், அந்த ஆப்பைப் போனின் சொந்த இடத்துக்கே திரும்ப நகர்த்திவிட்டு அப்டேட் கொடுங்கள். மலிவான கார்டுகள் எழுதும் வேகம் குறைந்து பாதியில் நின்றுவிடும்.

ப்ளே ஸ்டோரையே சரி செய்வது

மேலே சொன்னவை எதுவும் பலிக்கவில்லை என்றால் போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள். போனின் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதியில் கூகுள் ப்ளே ஸ்டோரைத் திறந்து முதலில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுங்கள். அடுத்து 'ஸ்டோரேஜ்' என்பதற்குள் போய் 'க்ளியர் கேஷ்' கொடுத்துவிட்டு முயலுங்கள். சரியாகவில்லை என்றால் அதே இடத்தில் 'க்ளியர் டேட்டா' கொடுக்கலாம், சில போன்களில் 'க்ளியர் ஸ்டோரேஜ்' என்று இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஆப்களோ படங்களோ எதுவும் போகாது. ப்ளே ஸ்டோரில் நீங்கள் மாற்றி வைத்த செட்டிங்ஸ் மட்டும் பழையபடி ஆகும். குழந்தைகளுக்காக வயதுக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதை மறுபடி போட வேண்டும்.

அதே பட்டியலில் 'கூகுள் ப்ளே சர்வீசஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்கு கேஷை மட்டும் அழியுங்கள். அதன் முழு டேட்டாவை அழித்தால் சேமித்த கார்டு விவரம், வாட்ச் இணைப்பு போன்றவற்றை மறுபடி அமைக்க வேண்டி வரலாம். இணையத்தில் பலர் இதை எடுத்த எடுப்பிலேயே செய்யச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லி, 'டவுன்லோட் மேனேஜர்' என்பது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். "தேவையில்லாத ஆப்களை நீக்கினால் போன் வேகமாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதை அணைத்தவர்கள் இருக்கிறார்கள். அணைந்திருந்தால் 'எனேபிள்' கொடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் போனின் செட்டிங்ஸில் ப்ளே ஸ்டோருக்கான அதே பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுங்கள். போனோடு வந்த பழைய ப்ளே ஸ்டோர் திரும்பும், கொஞ்ச நேரத்தில் அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

கூகுள் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது அதற்கும் அடுத்த படி. இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்த கணக்காக இருந்தால், நீக்கிய பிறகு உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். தொடர்பு எண்கள் கூகுளில் ஏறியிருக்கின்றனவா என்றும் கணக்கின் 'சிங்க்' பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் உறுதியானால் மட்டும் நீக்கிச் சேருங்கள்.

முழு ரீசெட் என்பதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ஒரு ஆப்புக்காக அதைச் செய்வது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி. போன் மிகப் பழையது என்றால் ரீசெட்டும் உதவாது. ஆண்ட்ராய்டு 4.4க்கான ப்ளே சர்வீசஸ் புதுப்பிப்பை 2023இலேயே கூகுள் நிறுத்திவிட்டது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே ஐகான் மங்கலாகி 'வெயிட்டிங்' என்று நிற்கும். அந்த ஐகானைத் தொட்டால் நிற்கும், மறுபடி தொட்டால் தொடரும். அழுத்திப் பிடித்தால் 'ப்ரயாரிடைஸ் டவுன்லோட்' என்று வரும், அதைக் கொடுத்தால் வரிசையில் முன்னுக்கு வந்துவிடும். மொபைல் டேட்டாவில் 200 எம்பிக்கு மேல் உள்ள ஆப்களுக்கு அனுமதி கேட்கும்படி ஆப் ஸ்டோர் செட்டிங்ஸில் ஒரு தேர்வு உண்டு, அதையும் பாருங்கள். பழைய பாக்கி ஏதாவது கணக்கில் இருந்தால் இலவச ஆப்கூட இறங்காமல் நிற்கலாம்.

ஏபிகே மட்டும் வேண்டாம்

நான் போனபோது பெரியப்பாவின் வாட்ஸப்பில் ஒரு கோப்பு காத்திருந்தது. "ப்ளே ஸ்டோர்ல வரலைன்னா இத போட்டுக்கோங்க" என்று ஓய்வூதியக்காரர்கள் குழுவில் யாரோ அனுப்பிய ஏபிகே, அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாகப் போனில் போடும் ஆப் கோப்பு. அனுப்பியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். நல்லவேளை, பெரியப்பா அதை இன்னும் தொடவில்லை.

போக்குவரத்து அபராதம், கல்யாண அழைப்பிதழ், வங்கி கேஒய்சி என்று விதவிதமான பெயர்களில் இப்படி ஏபிகே அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள். போட்டதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். ஆப் இறங்காமல் எரிச்சலில் இருக்கும் நேரத்தில்தான் இந்தக் கோப்பு உதவி மாதிரித் தெரியும். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ நேரில் போயே சான்றிதழ் கொடுக்கலாம்.

யாராவது ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், அந்த ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.